புது லேப்டாப்பில் பழைய கேம் இழுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பெங்களூரில் எங்கள் நண்பர் வட்டத்தில் அடிக்கடி என்னிடம் வரும் புகார் இது: "புது கேம் எல்லாம் நல்லா ஓடுது, சான் ஆண்ட்ரியாஸ் மட்டும் இழுக்குது." சிலர் அதற்குள் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய்க் கிராஃபிக்ஸ் கார்டு விலையும் விசாரித்துவிட்டு வந்திருப்பார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 2005இல் வந்த ஒரு கேமுக்கு இன்றைய கார்டின் பலம் போதாமல் போவது அபூர்வம். கேம் தவறான சிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது அதன் பழைய டைரக்ட்எக்ஸை (கேம்கள் கார்டுக்குக் கட்டளையிடும் மைக்ரோசாஃப்ட் முறை) இன்றைய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) சரியாகக் கையாளாமல் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் மிஷின் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கும். மூன்றையும் பெரும்பாலும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு ஆகும் வேலை கடைசியில் வரும்.

எதையும் தொடும் முன்: நான்கு எண்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் அதோடு வரும் ரிவாட்யூனரையும் நிறுவுங்கள். கேம் ஓடும்போது திரை மூலையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்), ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பயன்பாடு, ஜிபியு வெப்பம், சிபியு வெப்பம் ஆகிய நான்கையும் காட்டச் சொல்லுங்கள். கேமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சேவ் செய்து, அங்கே நின்று நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இடத்தில் நின்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

இன்னொன்று. டாஸ்க் மேனேஜரில் சிபியு 12 சதவீதம் என்று பார்த்து ஏமாறாதீர்கள். எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் வேலை ஓடும் பாதைகள்) உள்ள சிப்பில் ஒரு த்ரெட் முழுசாக மூச்சுத் திணறினாலும் மொத்தக் கணக்கில் 12 சதவீதம்தான் தெரியும். பழைய கேம்கள் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில்தான் ஓடும். சிபியு வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து, லாஜிகல் புராசசர் வாரியாகக் காட்டும்படி மாற்றிவிட்டுப் பாருங்கள்.

அறிகுறி 1: மெனு வந்த நொடியிலிருந்தே எஃப்பிஎஸ் குறைவு

கேமை ஓடவிட்டு ஆல்ட்+டேப் அடித்து டாஸ்க் மேனேஜரின் பர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். கார்டு உள்ள லேப்டாப்பில் பொதுவாக ஜிபியு 0 என்பது சிபியுவுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ், ஜிபியு 1 என்பது தனிக் கார்டு. பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

*தனிக் கார்டு சும்மா இருக்கிறது, உள் கிராஃபிக்ஸ் உழைக்கிறது என்றால்*

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், கேமின் இஎக்ஸ்இ ஃபைலைச் சேர்த்து "ஹை பர்ஃபார்மன்ஸ்" தேர்ந்தெடுங்கள். சேர்க்க வேண்டியது லாஞ்சரின் இஎக்ஸ்இ அல்ல, கேமின் இஎக்ஸ்இ. கேமை மூடித் திறந்து மறுபடி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். என்னிடம் வரும் லேப்டாப்புகளில் நிறைய இந்த ஒரு மாற்றத்திலேயே முடிந்துவிடும்.

டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம் போய் மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் இருந்தால் கழற்றிக் கார்டில் சொருகுங்கள். வீடு மாற்றிய பிறகு ஆரம்பித்த கோளாறு என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

*சரியான சிப்தான், ஆனால் 20, 30 சதவீதம்தான் உழைக்கிறது என்றால்*

முதலில் மின்சாரம். பேட்டரியில் ஓடுகிறதா? சார்ஜர் எது? கேமிங் லேப்டாப்போடு வந்த பெரிய அடாப்டரை வீட்டில் வைத்துவிட்டு, ஆஃபீஸ் லேப்டாப்பின் 65 வாட் டைப்-சி சார்ஜரைச் சொருகிக்கொண்டு விளையாடுபவர்கள் இந்த ஊரில் ஏராளம். சார்ஜ் ஏறும், ஆனால் கார்டுக்கு முழு மின்சாரம் போகாது. கூடவே பவர் மோடை "பெஸ்ட் பர்ஃபார்மன்ஸ்" ஆக்குங்கள்.

அடுத்தது பழைய கேம்களுக்கே உரிய ஒரு சிக்கல். வேலை மிகவும் லேசாக இருப்பதால் கார்டு தன் கிளாக்கை (வேலை செய்யும் வேகத்தை) இறக்கிக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருக்கும். எஃப்பிஎஸ் ஏறி இறங்கி ஆடும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் அந்த கேமுக்கு மட்டும் பவர் மேனேஜ்மென்ட் மோடை "பிரிஃபர் மேக்ஸிமம் பர்ஃபார்மன்ஸ்" என்று வையுங்கள். எல்லா கேமுக்கும் வைக்க வேண்டாம், வீணாகச் சூடாகும்.

பிறகு கேமின் உள் செட்டிங்ஸில் ரெண்டரர் (படம் வரையும் முறை) என்ன என்று பாருங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 மாதிரி கேம்களில் "சாஃப்ட்வேர்" என்று ஒரு தேர்வு உண்டு. அது இருந்தால் கார்டைத் தொடாமல் சிபியுவே படம் வரையும். "ஓப்பன்ஜிஎல்" என்று மாற்றுங்கள். சில கேம்கள் 4 ஜிபிக்கு மேல் உள்ள வீடியோ மெமரியைப் பார்த்ததும் கணக்குத் தப்பி, கார்டே இல்லாதது போல மட்டமான அமைப்பில் ஆரம்பிக்கும். செட்டிங்ஸை மாற்றினாலும் சேவ் ஆகவில்லையா? கேம் பெரும்பாலும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். வெளியே, உதாரணத்துக்கு டி டிரைவில், தனி ஃபோல்டரில் நிறுவுங்கள்.

*இதெல்லாம் சரி, இன்னும் குறைவு என்றால்: மொழிபெயர்ப்பு டிஎல்எல்*

இங்கேதான் உண்மையான பலன் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இன்டெல் 12ஆம் தலைமுறை சிப்களிலிருந்து உள் கிராஃபிக்ஸும், 2022இல் வந்த ஆர்க் கார்டுகளும் டைரக்ட்எக்ஸ் 9ஐ நேரடியாகக் கையாள்வதில்லை. மைக்ரோசாஃப்டின் ஓர் இடைநிலை அடுக்கு அதை டைரக்ட்எக்ஸ் 12க்கு மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டோடு வந்தவை அவை. ஆர்க் வந்த புதிதில் டைரக்ட்எக்ஸ் 9 கேம்கள் தடுமாறின. 2022 டிசம்பர் டிரைவரில் நிலைமை நன்றாக முன்னேறியது. ஆகவே இன்டெல்காரர்கள் முதலில் புது டிரைவர் போட்டுப் பாருங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால், அல்லது வேறு கார்டிலும் இதே தொல்லை என்றால், டிஎக்ஸ்விகே என்ற டிஎல்எல் (கேம் துணைக்கு அழைக்கும் ஃபைல்) தொகுப்பு. இது டைரக்ட்எக்ஸ் 8 முதல் 11 வரை உள்ள கட்டளைகளை வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் முறைக்கு மாற்றிக் கொடுக்கும். கார்டு வல்கன் 1.3ஐத் தாங்க வேண்டும்.

செய்முறை எளிது. டிஎக்ஸ்விகே எழுதியவர்களின் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "டிஎல்எல் டவுன்லோடு" என்று தேடினால் வரும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். உள்ளே எக்ஸ்32, எக்ஸ்64 என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். பழைய கேம் பெரும்பாலும் 32 பிட், எனவே எக்ஸ்32இல் உள்ள டி3டி9.டிஎல்எல் ஃபைலை கேமின் இஎக்ஸ்இ இருக்கும் அதே ஃபோல்டரில் போடுங்கள். கேமைத் திறங்கள். முதல் சில நிமிடம் ஆங்காங்கே திக்கும். ஷேடர்களை (கார்டில் ஓடும் சிறு நிரல்கள்) தயார் செய்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு ஃபைலை அழித்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். 2008இன் ஜிடிஏ 4இல் இதன் பலனை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

டைரக்ட்எக்ஸ் 7, அதற்கும் முந்தையது, அல்லது 3டிஎஃப்எக்ஸ் என்ற பழைய கார்டு கம்பெனியின் கிளைடு முறையில் ஓடும் கேம் என்றால் டிஜிவூடூ2 பொருத்தம். டைரக்ட்எக்ஸ் கேமுக்கு எம்எஸ் ஃபோல்டருக்குள், கிளைடு கேமுக்கு 3டிஎஃப்எக்ஸ் ஃபோல்டருக்குள் எக்ஸ்86இல் இருக்கும் டிஎல்எல்களையும் அதன் கண்ட்ரோல் பேனலையும் கேம் ஃபோல்டரில் போடுங்கள். கேம் ஓடும்போது திரையின் வலது கீழ் மூலையில் டிஜிவூடூ என்று மங்கலாகத் தெரிந்தால் அது வேலை செய்கிறது. தெரியவில்லை என்றால் டிஎல்எல்லைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறீர்கள், அல்லது கேம் வேறு டைரக்ட்எக்ஸைப் பேசுகிறது. உறுதியானதும் வாட்டர்மார்க்கைக் கண்ட்ரோல் பேனலில் அணைத்துவிடலாம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: ஆன்லைனில் ஏமாற்றுத் தடுப்பு ஓடும் கேம்களில் இந்த டிஎல்எல்களைப் போடாதீர்கள். அக்கவுண்டே முடங்கலாம்.

*தனிக் கார்டே இல்லாத லேப்டாப் என்றால்*

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்ற இடத்தைப் பாருங்கள். 2இல் 1 என்று இருந்தால், உள் கிராஃபிக்ஸ் பாதி அகலப் பாதையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே அளவு, அதே வேகத்தில் இன்னொரு ரேம் போட்டால் எஃப்பிஎஸ் நன்றாகவே ஏறும். இந்த அறிகுறியில் காசு செலவழிக்கத் தகுந்த ஒரே இடம் இதுதான்.

அறிகுறி 2: பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் விழுகிறது

*வெப்பமும் சேர்ந்து ஏறுகிறது என்றால்*

எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் "தெர்மல் த்ராட்லிங்" வரிகளைப் பாருங்கள். "யெஸ்" என்று இருந்தால் சூட்டினால்தான் வேகம் குறைகிறது. மெத்தைமேல் வைத்து விளையாடாதீர்கள், பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். கேமுக்கு 60 எஃப்பிஎஸ் என்று ரிவாட்யூனரில் வரம்பு வையுங்கள். பழைய கேம் வரம்பில்லாமல் ஓடினால் 300, 400 என்று வீணாகப் படம் வரைந்து மிஷினைக் கொதிக்க வைக்கும். வரம்பு வைத்ததும் சத்தமும் சூடும் சேர்ந்தே இறங்கும்.

அடுத்து தூசி. மெட்ரோ வேலையோ சாலை வேலையோ நடக்கும் பக்கத்தில் வீடு என்றால் ஒரு வருடத்துக்குள்ளேயே ஃபேனில் கம்பளி மாதிரி படிந்துவிடும். அடியில் உள்ள மூடியைக் கழற்றத் தெரிந்தால், ஃபேன் சுழலாதபடி பல் குத்தும் குச்சியால் பிடித்துக்கொண்டு காற்றடிக்கலாம். வாரண்டி இருந்தால் கழற்ற வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகும் லேசான கேமிலேயே 95 டிகிரியைத் தொடுகிறது என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டாலும், சுழலாமல் நின்றாலும், மிஷின் தானாக அணைந்தாலும் அதற்குமேல் நீங்கள் தொட வேண்டாம், கடைக்குப் போங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தால், அடிப்பக்கம் உப்பியிருந்தால், அது பேட்டரி. உடனே அணையுங்கள், சார்ஜரைச் சொருகாதீர்கள், அன்றைக்கே கொண்டுபோங்கள்.

*வெப்பம் அப்படியே இருக்கிறது, எஃப்பிஎஸ் மட்டும் கரைகிறது என்றால்*

2005இல் வந்த ஃபியர் என்ற கேம் இதற்கு நல்ல உதாரணம். ஆரம்பத்தில் மிக வேகமாக ஓடும். போகப் போகக் கரைந்து விளையாடவே முடியாத அளவுக்கு இறங்கும். கார்டு சும்மாதான் இருக்கும். காரணம் மவுஸும் கீபோர்டும்! இன்றைய மவுஸ், கீபோர்டு ஒவ்வொன்றும் விண்டோஸில் பல எச்ஐடி (உள்ளீட்டு) சாதனங்களாகப் பதிவாகும், கேமின் பழைய உள்ளீட்டுப் பகுதிக்கு அதைத் தாங்கத் தெரியாது. முதலில் தேவையில்லாத யுஎஸ்பி சாதனங்களை, ரிசீவர்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். அதில் முன்னேற்றம் தெரிந்தால் டிவைஸ் மேனேஜரில் "எச்ஐடி கம்ப்ளையன்ட் கன்ஸ்யூமர் கண்ட்ரோல்" என்பவற்றை ஒவ்வொன்றாக டிசேபிள் செய்து சோதியுங்கள். கீபோர்டில் வால்யூம் பட்டன்கள் வேலை செய்யாமல் போகும், விளையாடி முடித்ததும் திரும்ப எனேபிள் செய்துகொள்ளலாம். இந்தக் கேமுக்கே ரசிகர்கள் எழுதிய திருத்த டிஎல்எல்லும் உண்டு.

மோட் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றங்கள்) நிறையப் போட்ட கேம் என்றால் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். 32 பிட் கேம் இயல்பாக 2 ஜிபிதான் பயன்படுத்தும், உங்களிடம் 32 ஜிபி ரேம் இருந்தாலும் சரி. டாஸ்க் மேனேஜரில் அந்த கேமின் மெமரி 2 ஜிபியை நெருங்கும்போது திக்கலும் கிராஷும் வருகிறதா? என்டிகோர் வெளியிட்ட 4ஜிபி பேட்ச் அந்த எல்லையை உயர்த்தும். இஎக்ஸ்இயை முதலில் காப்பி எடுத்து வையுங்கள்.

அறிகுறி 3: எண் 60 காட்டுகிறது, கண்ணுக்குத் திக்குகிறது

மவுஸை அசைக்கும்போது மட்டும் திக்கினால் மவுஸின் போலிங் ரேட்தான் காரணம். கேமிங் மவுஸ்கள் நொடிக்கு 1000 முறை, சில 8000 முறை தகவல் அனுப்பும். மவுஸ் மென்பொருளில் 125 அல்லது 250 ஆக்கிப் பாருங்கள். பழைய ஷூட்டர் கேம்களில் இது மருந்து போல வேலை செய்யும்.

மவுஸைத் தொடாமலே திக்கினால் ஓவர்லேக்களை (கேமின் மேல் மிதக்கும் பிற மென்பொருள் திரைகளை) அணையுங்கள்: ஸ்டீம், டிஸ்கார்ட், கேம் பார், கார்டு கம்பெனியின் ஓவர்லே எல்லாம். சோதனைக்காக ஆஃப்டர்பர்னரையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். அப்புறம் இஎக்ஸ்இயின் பிராபர்ட்டீஸில், கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் "டிசேபிள் ஃபுல்ஸ்கிரீன் ஆப்டிமைசேஷன்ஸ்" டிக் செய்யுங்கள். கேம் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், புது இடத்துக்குள் நுழையும்போது வரும் திக்கல் போகும்.

ஆஃபீஸ் லேப்டாப்பில் கேம் போட்டு, "திக்குது" என்று கொண்டுவருபவர்களுக்கு: கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருள் ஒவ்வொரு ஃபைலையும் சோதிக்கும், அதை அணைக்க முயலாதீர்கள். அதில் விளையாடவும் வேண்டாம், வேலைக்கே ஆபத்து. சொந்த மிஷினில் விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை அணைத்தால் கொஞ்சம் வேகம் கிடைக்கலாம். மைக்ரோசாஃப்டே அந்த வழியைச் சொல்லியிருக்கிறது. ஆனால் பேங்க் வேலையும் அதே மிஷினில் பார்க்கிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள். பழைய கேமுக்கு அது தேவைப்படாது.

அறிகுறி 4: 30இலோ 60இலோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது

எண் ஆடாமல் நின்றால் கோளாறு அல்ல, வரம்பு. விசிங்க் (படத்தைத் திரையின் வேகத்தோடு பொருத்தும் வசதி) போட்ட சில பழைய கேம்கள் 60ஐத் தொட முடியாத நொடியில் நேராக 30க்கு இறங்கிவிடும். கேமில் விசிங்கை அணைத்து, ரிவாட்யூனரில் 60 வரம்பு வையுங்கள்.

சில கேம்களில் வரம்பு வேண்டுமென்றே வைத்தது. சான் ஆண்ட்ரியாஸில் ஃப்ரேம் லிமிட்டரை அணைத்தால் எஃப்பிஎஸ் எகிறும், கூடவே கதாநாயகன் சிஜே தண்ணீரில் நீந்த முடியாமல் தவிப்பார். ஸ்கைரிமின் 2011 பதிப்பில் 60க்கு மேல் போனால் மேஜைமேல் இருக்கும் தட்டுமுட்டுச் சாமான்கள் பறக்கும். 2013இன் நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸில் 30ஐ வெறுமனே 60 ஆக்கினால் கேமே இரட்டை வேகத்தில் ஓடும். ஜிடிஏ 4இன் கடைசி மிஷனில் ஹெலிகாப்டரில் ஏறும் இடத்தில் மாட்டிக்கொண்டால் எஃப்பிஎஸ்ஸை 30க்கு இறக்கிவிட்டு முயலுங்கள். இப்படிப்பட்ட கேம்களில் வரம்பைத் தாண்ட ரசிகர்களின் திருத்தம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் வரம்பை மதிப்பதே நல்லது.

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 மட்டும் 100இல் நிற்கிறதா? அது அதன் இயல்பு. கேமின் கன்சோலில் (கட்டளை தட்டும் பெட்டி) fps_override 1 என்று கொடுத்து, fps_max எண்ணை உயர்த்தலாம்.

அறிகுறி 5: மிக வேகமாக ஓடுகிறது

டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டம்) கேம் என்றால், அதை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் கண்ட்ரோல்+எஃப்11 அழுத்திச் சைக்கிள்ஸை (ஓடும் வேகத்தை) குறையுங்கள், கண்ட்ரோல்+எஃப்12 கூட்டும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவும் டேஞ்சரஸ் டேவும் இதிலேயே அடங்கும். விண்டோஸ் கேம் என்றால் ரிவாட்யூனரில் 60 வரம்பு. அதற்கும் அடங்கவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரின் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் அஃபினிட்டியை (கேம் எந்தக் கோர்களில் ஓடலாம் என்ற அமைப்பை) ஒரே ஒரு கோருக்கு மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி 6: 2டி கேம், நிறமும் கெட்டு மெதுவாகவும் ஓடுகிறது

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் 1999 பதிப்பில் புல்லும் தண்ணீரும் ஊதா, சிவப்பு என்று திட்டுத்திட்டாகத் தெரியுமே, அந்த வகை. டைரக்ட்டிரா என்ற பழைய படம் வரையும் முறையைப் புதிய விண்டோஸ்கள் சரியாகக் கையாளாததால் வரும் தொல்லை. சிஎன்சி-டிட்ரா என்ற டிஎல்எல்லை கேம் ஃபோல்டரில் போடுங்கள், நிறமும் வேகமும் சேர்ந்தே சரியாகும்.

அறிகுறி 7: ஒரு காட்சியில் மட்டும் விழுகிறது

கண்ணாடி உடையும் இடம், புகை, துணி பறக்கும் இடம் என்றால் ஃபிஸ்எக்ஸ், அதாவது பொருள்கள் உடைவதையும் பறப்பதையும் கணக்கிடும் என்விடியா மென்பொருள். 2009இல் பிசிக்கு வந்த மிரர்ஸ் எட்ஜில் கண்ணாடி சிதறும்போது எஃப்பிஎஸ் ஒற்றை இலக்கத்துக்கு வரும். முதலில் கேமில் ஃபிஸ்எக்ஸை அணைத்துப் பாருங்கள். அல்லது கேமின் பைனரீஸ் ஃபோல்டரில் உள்ள ஃபிஸ்எக்ஸ்கோர், ஃபிஸ்எக்ஸ்டிவைஸ் டிஎல்எல்களின் பெயரை மாற்றி வையுங்கள், சிஸ்டத்தில் உள்ள புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அந்த வரிசை 2025இல் வந்தபோது 32 பிட் ஃபிஸ்எக்ஸ் வசதியை என்விடியா எடுத்துவிட்டது, அதே ஆண்டு டிசம்பர் டிரைவரில் சில கேம்களுக்கு மட்டும் திரும்பக் கொடுத்தது. ஆகவே புது டிரைவர் அவசியம்.

கூட்டமான தெரு, பெரிய போர்க்களம் என்றால் ஒரு கோரின் வேகம்தான் எல்லை. 2007இன் கிரைசிஸ் இன்றைய மிஷினிலும் சில இடங்களில் தடுமாறுவது அதனால்தான். கார்டு மாற்றி இதைத் தீர்க்க முடியாது. காட்சித் தூரத்தையும் நிழலையும் குறையுங்கள்.

கடைக்குப் போக வேண்டி வந்தால்

வாரண்டி இருந்தால் அந்தந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர்தான், வேறு யாரும் திறக்கக் கூடாது. வாரண்டி முடிந்திருந்தால் எஸ்.பி. ரோட்டில் கன்னடம், தமிழ், இந்தி எதில் பேசினாலும் வேலை நடக்கும். "கேம் இழுக்குது" என்று மட்டும் சொன்னால் ரேம், எஸ்எஸ்டி, புது கார்டு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். "லோடு கொடுத்தால் சிபியு 97 போகுது, த்ராட்லிங் ஆகுது, சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றணும்" என்று எண்ணோடு சொல்லுங்கள். பேஸ்ட் வேலைக்குச் சாதாரணமாகச் சில நூறு ரூபாய்தான் ஆகும், இரண்டு கடையில் கேளுங்கள். ரேம் என்றால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் பொருத்தமானதைப் பார்த்து எடுக்கலாம்.

பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், தனியாக ஒரு தற்காலிக அக்கவுண்ட் வைத்துக் கொடுங்கள். முடிந்தவரை கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். திருப்பி வாங்கும்போது சார்ஜரைச் சொருகி, முதலில் சேவ் செய்து வைத்த அதே இடத்தில் கேமைத் திறந்து பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அந்த நான்கு எண்களையும் பாருங்கள். பணம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.